"எங்க வீட்டுச் சாவுக்கு அடிப்போம்": நீலகிரியில் ஒரு நாள்

காரமடையை அடுத்த அந்த ஊரின் காலனியில் நின்றால் நீலகிரி மலை முகத்துக்கு நேரே தெரியும். காலையில் பல் விளக்கும்போது பார்ப்பது அந்த மலையைத்தான். ஆனால் அங்கே மாலை நேர வகுப்புக்கு வரும் பிள்ளைகள் 22 பேரில் மலை ஏறியவர்கள் 4 பேர்தான். அதிலும் 3 பேர் போனது அப்பா அம்மாவோடு கேரட் பிடுங்கும் வேலைக்கு.

அதனால்தான் இந்தப் பயணம். பழங்குடி மக்களின் அருங்காட்சியகம் ஒன்று, அவர்கள் செய்த பொருட்களை அவர்களே விற்கும் சந்தை ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம். வகுப்பு எடுக்கும் அக்காமார் இருவர் 2 மாதமாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வேன் பிடித்தார்கள். எழுத வேண்டும் என்று நாங்களும் தொற்றிக்கொண்டோம். மலைக்குப் போகும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. ஆகவே ஆளுக்கொரு தூக்குவாளியில் புளிச்சோறும், வீட்டில் இருந்த பித்தளைச் சொம்புகளில் தண்ணீருமாகச் சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே இருவர் வாந்தி. பர்லியாறில் நிறுத்தி முகம் கழுவ வைத்தோம். அதற்கு மேல் பாட்டுதான்.

குனிந்து போகும் வாசல்

ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் முத்தோரை பாலாடா. சுற்றிலும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரான சரிவுகள். அங்கேதான் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. 1983-ல் தொடங்கப்பட்டது. அருங்காட்சியகம் அதன் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே புழங்குபொருட்களும் புகைப்படங்களும். பிள்ளைகளுக்குப் பிடித்ததோ வெளியே கட்டி வைத்திருக்கும் வீடுகள். தோடர், கோத்தர், பணியர், குறும்பர், காணிக்காரர் என்று ஒவ்வொரு மக்களும் வாழ்ந்த வீட்டின் மாதிரி.

தோடர் வீட்டைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற கூரை. மூங்கிலும் பிரம்பும் வளைத்து, மேலே புல் வேய்ந்தது. வாசல் ஆள் இடுப்பளவுகூட இருக்காது, தவழ்ந்துதான் போக வேண்டும். குளிரும் காட்டு விலங்கும் உள்ளே வராமல் இருக்க அந்த ஏற்பாடு. பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க அப்பத்தா குடிசைக்கும் குனிஞ்சுதான் போகோணும். அத யாருங்க வந்து பாத்தாங்க?" என்றாள்.

எங்களிடம் பதில் இல்லை. அக்கா ஒருவர்தான், "இனி நீ எழுதினா பாப்பாங்க கண்ணு" என்று சமாளித்தார்.

பணியர் வீட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். கூடலூர், பந்தலூர்ப் பக்கமும் வயநாட்டிலும் வாழும் மக்கள் இவர்கள். 'பணி' என்றால் வேலை. வேலை செய்கிறவர் என்பதையே ஒரு மக்களுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். வயநாட்டு வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில் நிலக்காரர்கள் முன்பணம் கொடுத்து இவர்களை ஓராண்டுக்கு அடிமை வேலைக்குப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. சாமி முன்னால் ஒப்பந்தம், மீறினால் சாமி குற்றம். கொத்தடிமை முறையைச் சட்டம் ஒழித்தது 1976-ல். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது பெரியவர்கள் போலத் தலையாட்டினார்கள். 'பண்ணையம்' என்ற சொல் அவர்கள் வீடுகளில் இன்னும் புழங்குகிறது.

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு பையன் கேட்டான்: "இதெல்லாம் யாருங்க மொதல்ல சேத்து வெச்சது?"

நல்ல கேள்வி. நீலகிரி மக்களைப் பற்றி முதலில் பெரிய அளவில் எழுதியவர்களும் சேகரித்தவர்களும் வெள்ளை அதிகாரிகள். நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸ் என்பவர் மலைமேல் இருந்த பழைய கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த பானைகளும் வெண்கலமும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவருடைய புத்தகம் 1873-ல் வந்தது. அடுத்து, 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன். இவர் ஊர் ஊராகப் போய் மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909-ல் ரங்காச்சாரி துணையோடு 7 தொகுதிகள் வெளியிட்டார். தோடரின் மூக்கு அளவு அதில் இருக்கிறது. கோத்தரின் அளவு இருக்கிறது. பறையரின் அளவும் இருக்கிறது. மூக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு தாழ்ந்தவர்கள் என்று அந்தக் காலத்து விஞ்ஞானம் கணக்குப் போட்டது. பின்னால் வந்த அறிஞர்கள் அதைக் குப்பை என்று தள்ளிவிட்டார்கள் என்பது வேறு. நாம் கவனிக்க வேண்டியது, மலையில் இருந்தவர்களையும் சேரியில் இருந்தவர்களையும் ஒரே கருவிதான் அளந்தது என்பதை. இதைக் கேட்டதும் வேன் ஏறும்வரை பிள்ளைகள் ஒருவர் மூக்கை ஒருவர் விரலால் அளந்து விளையாடினார்கள்.

சால்வையைத் திருப்பிப் பார்

சந்தை ஊட்டி நகருக்குள் ஒரு மைதானத்தில். ஏறக்குறைய 20 கடைகள். தகரப் பந்தல், மர மேசை. போகும் வழியிலேயே ஒரு கூத்து நடந்துவிட்டது. சாலையோரக் கடை ஒன்றில் 'ஒரிஜினல் தோடா சால்வை' என்று 350 ரூபாய்க்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பிளஸ் டூ படிக்கும் பெண் அம்மாவுக்கு என்று வாங்கிவிட்டாள்.

சந்தையில் முதல் கடையே தோடர் பெண்களுடையது. வயதான அம்மா ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பெண் கையில் இருந்த பையைப் பார்த்ததும், "என்ன கண்ணு வாங்கினே, காட்டு" என்றார். காட்டினாள். அந்த அம்மா அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மூலையைப் பிடித்துத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க நூல் முடிச்சு. "மெஷினு" என்றார்.

பிறகு தன் மடியில் இருந்ததைத் திருப்பிக் காட்டினார். தோடர் பூவேலைக்கு வரைபடம் கிடையாது, துணியில் பென்சில் கோடும் கிடையாது. வெள்ளைப் பருத்தித் துணியின் இழையை ஊசி நுனியால் எண்ணி எண்ணி, சிவப்பு நூலையும் கறுப்பு நூலையும் கோத்துக்கொண்டே போகிறார்கள். இரண்டு பக்கமும் வேலை தெரியும். நாம் எந்தப் பக்கத்தைப் பின்பக்கம் என்போமோ, நூல் புடைத்து முரடாக இருக்கும் அந்தப் பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கம். அதைத்தான் வெளியே தெரியப் போர்த்துகிறார்கள். ஆணும் பெண்ணும் போர்த்தும் அந்தப் போர்வைக்குப் பெயர் 'புத்குளி'. இறந்தவர்களையும் அதில்தான் போர்த்தி அனுப்புகிறார்கள்.

"முழுப் போர்வை எத்தனை நாள் ஆகும்ங்மா?"

"வீட்டு வேலைக்கு நடுவுல செய்யணும். ரெண்டு மாசம், மூணு மாசம்."

தோடர்கள் மொத்தமே ஏறக்குறைய 2,000 பேர். அவர்கள் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அவர்கள் செய்யாத ஒன்றை அவர்கள் பெயர் சொல்லி விற்பது சட்டப்படி குற்றம். சட்டம் 1999-லிருந்தே இருக்கிறது. ஆனால் சாலையோரத்தில் 350 ரூபாய்க்குத் தொங்குவதைப் போய்ப் பிடிக்க ஆள் வேண்டுமே. 3 மாத வேலையும் 10 நிமிட மெஷின் வேலையும் ஒரே பெயரில் விற்றால், வாங்குகிறவர் எதை வாங்குவார்? எங்கள் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. அந்த அம்மா சிறிய பூவேலைத் துண்டு ஒன்றை, புத்தகத்தில் அடையாளம் வைப்பதற்கானது, எடுத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். அக்கா வற்புறுத்தி 100 ரூபாய் கொடுத்தார். இலவசமாக வேலை செய்வது என்றால் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் ஒவ்வாமை.

அடுத்து ஆலு குறும்பர் ஓவியம். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை என்ற ஊர் இந்த ஓவியத்துக்குப் பெயர் பெற்றது. அதன் அருகே 'எழுத்துப் பாறை' என்று ஒரு பாறை, அதில் முன்னோர் தீட்டிய உருவங்கள் இருக்கின்றன. வேங்கை மரத்துப் பாலில் பழுப்பு, இலைச் சாற்றில் பச்சை, கரியில் கறுப்பு, மண்ணில் செம்மை, வெள்ளை என்று நிறம் எடுக்கிறார்கள். தேனெடுக்கக் கொடியேணியில் தொங்கும் மனிதர்கள், சாமை விதைக்கும் பெண்கள், நாய், கோயில், எல்லாம் சின்னச் சின்னதாய். வரைந்த இளைஞர் ஒவ்வொரு ஓவியத்தின் கீழ் மூலையிலும் தன் பெயரை எழுதியிருந்தார். அவருடைய தாத்தா சுவரில் வரைந்தபோது பெயர் போடவில்லையாம். "தாளுல விக்கறப்போ போடணும்னு சொன்னாங்க. இப்ப எனக்கும் புடிச்சிருக்கு" என்றார்.

இருளர் தேன், கோத்தப் பெண்கள் வனைந்த கறுப்புச் சட்டிகள், சாமை, மிளகு. இவற்றை வேகமாகத் தாண்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் மைதானத்தின் நடுவே மேளம் கேட்டது.

வேனுக்குப் பின்னால் நின்ற பையன்

கோத்தர்கள் வாசித்தார்கள். வெள்ளை உடை, வெள்ளைப் போர்வை. 'கொள்' என்கிற நாதஸ்வர வகைக் குழல், வளைந்த பித்தளைக் கொம்பு, 'பர்' என்கிற இருமுக மேளம், 'தபட்க்' என்கிற வட்டத் தோல்கருவி. தபட்க் என்றால் வேறு ஒன்றும் இல்லை, நம் தப்பட்டைதான். பிள்ளைகள் கத்தினார்கள்: "டேய், நம்ம தப்பட்டைடா!"

பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையனை மட்டும் காணோம். தேடிப் போனால் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

அவன் அப்பா தப்பட்டை அடிப்பவர். ஊருக்குள் யார் இறந்தாலும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போகும். போயாக வேண்டும். பாடை எடுக்கும்வரை வெயிலிலும் மழையிலும் அடிக்க வேண்டும். கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, ஆள் போதவில்லை என்று இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு மறுக்க முடியவில்லை. அடித்த இடத்தில் இவனோடு படிக்கும் பையன்கள் நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் இவனுக்கு வேறு பெயர். "அந்தச் சத்தம் கேட்டாலே வயித்தப் பொரட்டுதுங்க" என்றான்.

அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பறைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்ததைச் சொல்லிப் பார்த்தோம். எங்களுக்கும் அதில் பெருமைதான். அவன் மசியவில்லை. "அவரு மேடைல அடிக்கறாருங்க. எங்கப்பா எழவுல அடிக்கறாரு. அவருக்குக் கை தட்டுறாங்க. இவர 'டேய்'ங்கறாங்க."

வாசித்து முடித்து, தேநீர் குடிக்க அந்தப் பக்கம் வந்த கோத்தப் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற அரசு ஊழியராம். பையனிடம், "என்ன தம்பி, பிடிக்கலையா?" என்றார். பையன் நேரடியாகவே கேட்டுவிட்டான்.

"நீங்க சாவுக்கு அடிப்பீங்ளா?"

"அடிப்போம். எங்க வீட்டுச் சாவுக்கு அடிப்போம்."

"மத்தவங்க சாவுக்கு?"

"எங்க தாத்தா காலத்துல அடிச்சாங்க. அப்புறம் நிறுத்திட்டாங்க."

இது ஏதோ ஒரு பெரியவர் சொன்ன கதை மட்டும் அல்ல, பதிவான வரலாறு. நீலகிரியில் கோத்தர்கள்தான் கொல்லர், தச்சர், தோல் வேலை செய்பவர், குயவர், இசைக்காரர், எல்லாம். படகர்கள் அவர்களுக்குத் தானியம் தந்தார்கள். தோடர்களின் செத்த எருமை கோத்தருக்குப் போகும். தோடர், படகர் சாவுகளுக்குக் கோத்தரின் இசை வேண்டும். இசை இல்லாமல் சடங்கு நடக்காது, ஆனால் இசைப்பவர் தள்ளி நிற்க வேண்டும். செத்த மாட்டைத் தின்கிறவர்கள், தோல் தொடுகிறவர்கள் என்று சொல்லித் தாழ்த்தினார்கள். நமக்கு இந்தக் கணக்குப் புதிதா?

1930-களில் இது உடைந்தது. கோத்தர்களில் முதலில் ஆங்கிலக் கல்வி பெற்று ஆசிரியரான சுள்ளி என்பவர், செத்த மாட்டிறைச்சியை விடுவோம், பிறர் சாவுக்கு வாசிப்பதை நிறுத்துவோம் என்று தன் மக்களிடம் பேசினார். கோத்தருக்குள்ளேயே எதிர்ப்பு. முன்னோர் வழக்கத்தை மாற்றினால் தெய்வம் கோபிக்கும் என்றார்கள். இன்னொரு பக்கம், படகர்களிலும் ஒரு பிரிவினர் கோத்தர் இசை வேண்டாம் என்று விலகத் தொடங்கியிருந்தார்கள். மெல்ல மெல்ல அந்தப் பழைய கட்டு அவிழ்ந்தது. அந்த ஆண்டுகளில் மலைக்கு வந்த எமனோ என்ற மொழியியல் அறிஞர் சுள்ளி சொல்லச் சொல்லக் கோத்தர் கதைகளை எழுதி எடுத்தார். அவை 1944 முதல் கலிபோர்னியாவில் புத்தகங்களாக வந்தன. மண்டல்பாம் என்ற மானிடவியலாளர் சுள்ளியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். தர்ஸ்டன் அளந்துவிட்டுப் போன மக்களில் ஒருவர், ஒரு தலைமுறைக்குள், தன் பெயரோடு பேசினார்.

நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. கோத்தர்கள் கருவியை உடைக்கவில்லை. ஆண்டுதோறும் மார்கழி, தை வாக்கில் வரும் தங்கள் தெய்வத் திருவிழாவில் நாள் கணக்கில் வாசிக்கிறார்கள். தங்கள் வீட்டுச் சாவில் வாசிக்கிறார்கள். விட்டது இசையை அல்ல, ஏவலை. நம் இயக்கங்களில் 'பறையை உடை' என்றவர்களும் இருந்தார்கள், 'பறை எங்கள் கலை' என்றவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்ப்பதை நாங்கள் கூட்டங்களில் கண்டிருக்கிறோம். அந்த மைதானத்தில் நின்றபோது அந்தச் சண்டை கொஞ்சம் வீணாகப் பட்டது.

பெரியவர் தபட்க்கை பையன் கையில் கொடுத்தார். வாங்கினான். அடிக்கவில்லை. ஓரத்துத் தோலை விரலால் தடவி, எப்படி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவர்கள் மறுபடி வாசிக்கப் போனபோது முன்வரிசையில் போய் நின்று செல்போனில் படம் எடுத்தான்.

திரும்பும் வழி

கோத்தகிரி வழியாக இறங்கினோம். கோத்தர் வாழும் தெரு, 'கோத்தர் கேரி', கோத்தகிரி ஆனதாகச் சொல்வார்கள். பேருந்துப் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பிள்ளைகள் உரக்கப் படித்தார்கள். காலனிக்கு வந்து சேர இரவு எட்டரை.

பையனின் அப்பா தெருவிளக்கடியில் காத்திருந்தார். மகன் போனை நீட்டினான். சாவு, ஏவல், சுள்ளி என்று நாங்கள் சொல்லத் தொடங்கியதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. படத்தையே மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

"குச்சி புடிக்கற கை வேறயா இருக்குது" என்றார். பிறகு, "கொம்பு ஊதறவரு மூச்சு நல்லாருக்குது."

மகன் சொன்னான்: "அவிய மத்தவிய எழவுக்கு அடிக்க மாட்டாங்களாமா. நிறுத்திப்போட்டாங்களாமா."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அவியளுக்குப் பூமி இருக்குதா?"

இருக்கிறது என்றோம். சொந்த ஊர், சொந்த நிலம், இப்போது தேயிலையும் போட்டிருக்கிறார்கள்.

"அப்பறம் என்னங்க. சோத்துக்கு அவிய யாரு தோட்டத்துக்கும் போகோணும்னு இல்ல. நான் நாளைக்கு வர்லீன்னு சொன்னா, இவிங்கம்மாவ நாளன்னிக்குத் தோட்டத்துக்குள்ள உடமாட்டாங்க."

1892-ல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கே போனது என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம் என்று எங்களுக்கே கணக்கில்லை. அந்தத் தெருவிளக்கடியில் அதை மறுபடி சொல்ல வாய் வரவில்லை.

பையன் தூக்குவாளியைக் கழுவ வீட்டுக்குள் போனான். அப்பா எங்களை வண்டிவரை வழியனுப்ப வந்தார். ஏறும்போது கேட்டார்: "ஏனுங்க, அந்தத் தோலு... எருமையா, ஆடா?"

தெரியாது, கேட்டுச் சொல்கிறோம் என்றோம். "கேட்டுச் சொல்லுங்க" என்றார்.